கட்டி ஓரிடம், வெளிச்சம் ஓரிடம்

"காலைலேர்ந்து இன்னா இன்னா பண்ண, சொல்லு."

அக்கா என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். நான் ஸ்கேன் எடுக்க வந்தவன் இல்லை, டைப்பிஸ்ட் வேலைக்கு வந்தவன். செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த ஒரு ஸ்கேன் சென்டர் அது. என்னை நோயாளி என்று நினைத்துக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். விஷயத்தைச் சொன்ன பிறகும் அவர் விடவில்லை. எந்த பஸ், எத்தனை மணிக்கு ஏறினாய், உட்கார்ந்து வந்தாயா நின்று வந்தாயா, இட்லியா பொங்கலா. பொங்கல் என்றேன். "அப்ப மத்தியானம் தூங்கி வழிவ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்ன மாதிரியே வழிந்தேன். முதல் நாளே மேனேஜரிடம் திட்டு வாங்கினேன்.

அவர் அங்கே சீனியர் டெக்னீஷியன். டாக்டர் இல்லை. பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு ஊரில் விவசாயக் குடும்பம். நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளமாக, ஒல்லியாக இருப்பார். வெள்ளைக் கோட்டின் இரண்டு பைகளிலும் துண்டுக் காகிதம் பிதுங்கும். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயை நின்றுகொண்டே குடிப்பார், அதுவும் பாதிதான். மீதி டம்ளர்கள் சென்டர் முழுக்க ஆங்காங்கே ஆறிக்கிடக்கும்.

வேலையும் அப்படிப்பட்ட வேலை. உடம்புக்குள் கட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு அங்கே இரண்டு படங்களைச் சேர்த்து எடுப்பார்கள். ஒன்று சி.டி. உள்ளே எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று காட்டும் கருப்பு வெள்ளைப் படம். இன்னொன்று பெட். ஊசியில் ஏற்றிய சர்க்கரை மருந்தை உடம்பில் எந்த இடம் பேராசையோடு தின்கிறதோ, அந்த இடம் இதில் வெளிச்சமாகத் தெரியும். புற்றுக்கட்டிக்குச் சர்க்கரை என்றால் உயிர். கம்ப்யூட்டர் இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டும். அந்த மருந்து காலையில் சென்னையிலிருந்து ஈயப் பெட்டியில் வரும். வந்த நிமிடத்திலிருந்தே அதன் வீரியம் இறங்கிக்கொண்டிருக்கும், இரண்டு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். வேன் தாம்பரத்தில் மாட்டிக்கொண்டால் சென்டரே பரபரக்கும். அக்கா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து செருப்பைத் தேய்த்துவிடுவார்.

ஊசி போட்ட பிறகு நோயாளி ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல், எதையும் மெல்லாமல் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க முடியாத அக்காதான் அவர்களைப் பார்த்து "ஆடாம அசையாம கம்முனு இரு" என்று அதட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த ஒரு மணி நேரத்தை அவர் நம்பமாட்டார். மதுராந்தகம் பக்கமிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். மார்பில் கட்டி. படத்தில் பார்த்தால் மார்போடு சேர்ந்து இரண்டு தாடைகளும் ஜகஜ்ஜோதியாக எரிகின்றன. கூட வந்த மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்கா நேராகப் போய் அந்த அம்மாவின் முன்னால் நின்றார்.

"வாயில இன்னா?"

"ஒண்ணும் இல்லியே."

"இப்ப இல்ல. அப்ப?"

அந்த அம்மா மகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலை கடைசியில் வெளியே வந்தது. பயத்தில் ஒரு மணி நேரமும் மென்றுகொண்டே இருந்திருக்கிறார். மென்ற தசைதான் சர்க்கரையைத் தின்றிருக்கிறது. "தாடை நல்லா கீது, போ" என்று மகளின் தோளைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க ஓடிவிட்டார் அக்கா.

மறைமலைநகர் தொழிற்சாலைப் பையன் ஒருவனின் தொடைகள் எரிந்ததைப் பார்த்து, அவனைக் கேட்பதற்கு முன்பே "கம்பெனி பஸ்ஸ வுட்டுட்டு ஓடியாந்தியா?" என்றார். அவன் ஆடிப்போனான். அணுமின் நிலையக் குடியிருப்பிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்தார். அக்கா ஒரு கேள்வி கேட்டால் அவர் மருந்தைப் பற்றி, கதிர்வீச்சைப் பற்றி, இயந்திரத்தைப் பற்றி மூன்று கேட்டார். அரை மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் விசாரித்தார்கள். அன்றைக்கு முழுக்க அக்கா குஷியாக இருந்தார்.

எல்லாரும் இதை ரசிக்கவில்லை. கல்யாணமாகாத பெண்ணிடம், அதுவும் அவள் அப்பா பக்கத்தில் இருக்கும்போது, "நாள் தள்ளிப் போயிருக்கா?" என்று கேட்டுவிடுவார். வயிற்றில் கரு இருந்தால் இந்தக் கதிர்வீச்சு ஆகாது, கேட்டாக வேண்டும், உண்மைதான். ஆனாலும் கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறதே. ஒருநாள் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஸ்கேன் எடுக்க வந்தமா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தமா?" என்று கத்தினார். அதிலிருந்து நாங்கள் வைத்த பெயர்தான் சி.ஐ.டி. அக்கா. அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

எனக்கு அவரிடம் பயம் இருந்தது. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. சென்டரில் என் வயதில் இருந்தவர்கள் எல்லாம் மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நான் கடப்பாக்கத்து மீனவன் வீட்டுப் பிள்ளை. முதல் வாரத்தில் யாரோ கேட்டதற்கு "வீட்ல பிசினஸ்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கு யோசித்தால் உடம்பு கூசுகிறது. என்னைப் படிக்க வைத்தது என் அண்ணன். அவன் கட்டுமரத்தில் போய் பாறை இடுக்குகளில் சிங்கி இறாலுக்காக மூழ்குகிறவன். வெறும் மூச்சிலேயே போய்விட்டு வருவான். குழாயும் கிடையாது, சிலிண்டரும் கிடையாது.

ஒருமுறை சென்டரில் எல்லாரையும் மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனார்கள். கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். "டேய், எங்கடா இந்தப் பக்கம்? அண்ணன் எப்டிடா கீறான்?" என்று கையை ஆட்டினார். நான் காதில் விழாத மாதிரி ஐஸ்கிரீம்காரனைப் பார்த்து நடந்தேன். வறுத்த மீன் கடையில், இது எந்தப் படகு, எப்போது பிடித்தது என்று கடைக்காரியைக் குடைந்துகொண்டிருந்த அக்கா சட்டென்று திரும்பினார்.

"உன்னத்தான கூப்டாரு?"

"இல்லக்கா. வேற யாரோன்னு நினைச்சிட்டாரு."

ஒரு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு மீனின் செவுளைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த வருடம்தான் அண்ணனுக்கு வயிற்றில் தொந்தரவு ஆரம்பித்தது. பெருங்குடலில் கட்டி. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் எடுத்த சி.டி.யில் கல்லீரலின் மேல்நுனியில் ஒரு சிறிய புள்ளியும் தெரிந்தது. அங்கிருந்த அறுவை மருத்துவர் என்னையும் அண்ணியையும் உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார். இந்த இரண்டு இடத்தோடு நின்றிருந்தால், குடலில் இருப்பதையும் கல்லீரலில் இருப்பதையும் அறுத்து எடுத்துவிடலாம், ஆள் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. வேறெங்காவது பரவியிருந்தால் அறுப்பதில் பயனில்லை, மருந்து கொடுத்து நாளைத் தள்ளலாம், அவ்வளவுதான். "ஒரு பெட் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார்.

எங்கள் சென்டரிலேயே எடுக்க ஏற்பாடு செய்தேன். படிவத்தை நானே நிரப்பினேன். தொழில் என்ற கட்டத்தில் என் பேனா கொஞ்ச நேரம் நின்றது. வரவேற்பில் இருந்த பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சூப்பர்வைசர், தனியார்" என்று எழுதினேன். அண்ணனுக்கு என் பேன்ட் ஒன்றையும் இஸ்திரி போட்ட சட்டையையும் மாட்டிவிட்டு, யார் என்ன கேட்டாலும் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அண்ணன் சரி என்றான். நான் சொன்னால் அவன் எதையும் சரி என்பான், அதுதான் அவனிடம் கோளாறு.

அக்கா படிவத்தைப் படித்தார். "இன்னா தொழிலு?" என்று என்னைக் கேட்டார். சூப்பர்வைசர் என்றேன். "உக்காந்து பாக்குற வேலையா?" ஆமாம் என்றேன். மேடைமேல் படுக்கவைத்து, "அண்ணாத்த, நான் சொல்றப்ப மெதுவா மூச்ச வுட்டுட்டு அப்டியே புடிச்சிக்கோ" என்று எல்லாரிடமும் சொல்வதையே அவனிடமும் சொன்னார். ஸ்கேன் முடிந்தது. அண்ணனும் அண்ணியும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போகிறோம் என்று கிளம்பினார்கள்.

படங்கள் இணையம் வழியாகச் சென்னையில் இருக்கும் எங்கள் சென்டர் டாக்டருக்குப் போகும். அவர் பார்த்துக் குரலில் சொல்லி அனுப்புவதை நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டைப் அடிப்பேன். அண்ணனுடையதைக் கொஞ்சம் சீக்கிரம் பார்த்துத் தரும்படி கேட்டிருந்தேன், ஒரு மணிக்கே வந்துவிட்டது. கேட்டுக்கொண்டே அடித்தேன். குடலில் கட்டி. கல்லீரலில் புள்ளி, அதில் வெளிச்சம் இல்லை. வலது நுரையீரலின் அடிப்பாகத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். நோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது.

விரல்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. நுரையீரல் என்ற ஆங்கில வார்த்தையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன் என்று திரும்பிப் போய்த் திருத்தியதுகூட நினைவிருக்கிறது. திருத்திய பிறகுதான் யாருடைய ரிப்போர்ட்டைத் திருத்துகிறேன் என்று உறைத்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

அக்கா வழக்கம்போல என் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார். உள்ளே போய் படங்களைத் திறந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னாடா இது?" என்றார். என்னிடமா, படத்திடமா, தெரியவில்லை. "கல்லீரல்ல கட்டி கீது, வெளிச்சம் இல்ல. நுரையீரல்ல வெளிச்சம் கீது, கட்டி இல்ல. பாரு, இந்த எடத்துல சி.டி.ல ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து. கட்டி ஒரு எடத்துல குந்திகினு வெளிச்சம் இன்னொரு எடத்துல எரியுமா?"

படத்தை மேலும் கீழுமாக உருட்டினார். நெஞ்சுப் பகுதிக்கு வந்ததும் கை நின்றது.

"எம்மாம் பெரிய மூச்சு! நான் வுடச் சொன்னா இந்த ஆளு இஸ்து ரொப்பிகினு கீறாரு. இப்டி ரொப்பி நான் பாத்ததே இல்ல." என் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணன் இன்னா தொழில் பண்றாரு?"

"சூப்பர்வைசர்க்கா."

"சரி. அதுக்கு முன்ன?"

"அதுக்கு முன்னயும்..."

"இங்க பாரு. காலைல எந்திரிச்சா உங்க அண்ணன் எங்க போறாரு?"

சென்டரில் ஏ.சி. இரைகிறது. அடுத்த நோயாளியை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "கடலுக்குக்கா" என்றேன். "முங்குறவரு. சிங்கி எடுக்க. தம் கட்டி முங்குவாரு."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான். எனக்கு அறை விழுந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"கைய வயித்து மேல வெய்யி" என்றார். வலது விலா எலும்புக்குக் கீழே என் கையை வைத்தேன். "மூச்ச இஸ்து ரொப்பு. கீழ எறங்குதா? நுரையீரல் ரொம்பினா கல்லீரல கீழ தள்ளும். சி.டி. எடுக்கறது சில செகண்டு. அந்த நேரத்துல உங்க அண்ணன் தம் கட்டிட்டாரு, கல்லீரல் கீழ பூட்ச்சி. வெளிச்சப் படம் இருவது நிமிசம். அவ்ளோ நேரம் யாரு தம் கட்டறது? சும்மா மூச்சு வுட்டுகினு கீறாரு, கல்லீரல் மேல வந்துட்ச்சி. ரெண்டு படத்தயும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா கல்லீரலோட வெளிச்சம் நுரையீரல் மேல வுழுது." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நிறுத்தினார். "அப்டித்தான்னு நெனைக்கிறேன். நெனப்பு போதாது, மறுபடியும் பாக்கணும். ஆளு எங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாரு."

"இன்னும் இன்னா நின்னுகினு கீற? மருந்து எறங்கினே கீது. ஓடு!"

ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லை. ஓடினேன். அண்ணன் செல்போன் அணைந்திருந்தது. கடப்பாக்கம் போகிற பஸ் இன்ஜினை முடுக்கிக்கொண்டு நின்றது. அண்ணி ஜன்னலோரம், அண்ணன் பக்கத்தில், மடியில் ஒரு பிரியாணிப் பொட்டலம். கண்டக்டர் விசில் ஊதிய பிறகு ஏறி அண்ணன் கையைப் பிடித்து இழுத்தேன். "இன்னாடா, இன்னா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினான். படம் சரியாக விழவில்லை என்று மட்டும் சொன்னேன். அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் அக்கா போனில் டாக்டரிடம் அனுமதி வாங்கியிருந்தார். எப்படி வாங்கினார் என்று வரவேற்புப் பெண் பிறகு சொன்னாள். ரிப்போர்ட்தான் முடிந்துவிட்டதே என்று அவர் சொல்லச் சொல்ல, இவர் "அந்த எடத்துல கட்டி எங்க சார்?" என்று ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டாராம். கடைசியில் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இப்போது சிக்கல் வேறு மாதிரி வந்தது. அண்ணனைப் படுக்கவைத்து, "அண்ணாத்த, மூச்சு..." என்று அக்கா ஆரம்பித்ததுமே அண்ணன் நெஞ்சு பானை மாதிரி உப்பிவிட்டது. எங்கள் பக்கத்தில் மூச்சைப் பிடி என்றால் தண்ணீருக்குள் போகப் போகிறாய் என்று அர்த்தம். முப்பது வருடப் பழக்கம், அவனைக் கேட்காமலே உடம்பு செய்கிறது. "சும்மா வுடு அண்ணாத்த, சாதாரணமா வுடு" என்றால் அவன் இன்னும் விறைத்துக்கொண்டு, சாதாரணமாக விடுவதற்கு முயற்சி செய்கிறான். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். மைக்கை அழுத்தினார்.

"அண்ணாத்த, மெசினு கொஞ்சம் பேஜார் பண்ணுது. இன்னும் ஆரம்பிக்கல. ரெடி ஆனதும் சொல்றேன், அது வரிக்கும் சும்மா படுத்துகினு இரு."

"சரி மேடம்."

அவன் நெஞ்சு மெல்ல அடங்கி, ஏறி, இறங்கியது. மேடை அவனை உள்ளே கொண்டுபோனது. அக்கா பொத்தானை அழுத்தினார். உள்ளே இருந்து அண்ணன் குரல் வந்தது. "மெசினு ஓடற மாரி சத்தம் வருதே மேடம்?"

"சோதன பண்றோம் அண்ணாத்த. பேசாத."

ஏழெட்டு நிமிடம். எனக்கு அது எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மேடை வெளியே வந்தபோது அண்ணன் தலையைத் தூக்கினான்.

"எப்ப மேடம் மூச்சு புடிக்கணும்?"

"வோணாம். முடிஞ்சிட்ச்சி."

புதுப் படங்கள் திரையில் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. வெளிச்சம் மங்கலாகத்தான் இருந்தது, ஆனால் இருந்தது. நுரையீரலில் இல்லை. கீழே, கல்லீரலின் மேல்நுனியில், அந்தப் பழைய புள்ளியின் மேலேயே கச்சிதமாக விழுந்திருந்தது. நுரையீரல் இரண்டும் கருப்பாக, சுத்தமாக இருந்தன. நான் அழுதுவிட்டேன். கூடப்பிறந்தவன் கல்லீரலில் புற்று இருப்பது உறுதியானதற்கு ஒருவன் சந்தோஷத்தில் அழுவான் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

"அழுவாத" என்றார் அக்கா. "ஒண்ணு கீது. ஒண்ணுதான் கீது."

டாக்டர் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மாற்றினார். மாற்றியதையும் நான்தான் டைப் அடித்தேன். வெளியே அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான், அண்ணி பிரியாணிப் பொட்டலத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா அவர்களிடம் போனார். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அறுத்து எடுத்துவிடலாம் என்று ஆபரேஷன் டாக்டர் சொல்வார், பயப்படாதீர்கள் என்றார். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப ரெண்டாவது வாட்டி எதுக்கு மேடம்?" என்றான் அண்ணன்.

"நீ தம் கட்டனது ஜாஸ்தி ஆயிட்ச்சி அண்ணாத்த."

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அது எங்க தொழிலாச்சே மேடம்! கடலுக்கு அடியில அத்த வெச்சித்தான் பொழப்பு." பிறகு என் பக்கம் திரும்பினான். அவன் குரலில் குற்றச்சாட்டே இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. "ஏண்டா, நான் இன்னா வேல செய்றன்னு நீ மேடம் கிட்ட சொல்லலியா?"

வரவேற்புப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள், மேனேஜரும் நின்றார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"சொன்னாரு" என்றார் அக்கா. "காலைலயே சொன்னாரு, எங்க அண்ணன் கடல்ல முங்குறவருன்னு. நாந்தான் கவனிக்கல."

யார் என்ன மென்றார், எந்த பஸ்ஸை விட்டார் என்பதெல்லாம் மறக்காத மனுஷி, கவனிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அண்ணன் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "இவன நாந்தான் மேடம் படிக்க வெச்சேன்" என்றான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் சென்னையில் ஆபரேஷன் ஆனது. குடலில் ஒரு துண்டையும் கல்லீரலில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். ஆறு மாதம் மருந்து. அண்ணன் இருக்கிறான். முங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் கரையில் ஏலம் பார்க்கிறான், எல்லாரிடமும் சண்டை போடுகிறான். இப்போது யார் கேட்டாலும் என் அண்ணன் இன்னார், இன்ன தொழில் என்று சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு மூன்று தடவை முயன்றேன். "போ, வேலயப் பாரு" என்பார். கோபமாக நடந்துகொண்டார் என்று சொல்லமாட்டேன். அண்ணனுக்கு எப்படி இருக்கிறது என்பதைக்கூட அண்ணிக்குப் போன் போட்டு விசாரித்துக்கொண்டார். எல்லாரையும் முன்போலவே துளைத்தெடுத்தார். என்னை மட்டும் எதுவும் கேட்பதில்லை. அங்கே அதற்குப் பிறகு இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் பரனூர் அருகே பைக்கிலிருந்து விழுந்து கை உடைந்து, கட்டுப் போட்டுக்கொண்டு போனேன். எங்கே, எப்படி, எத்தனை வேகம், ஹெல்மெட் போட்டிருந்தேனா, எல்லாவற்றுக்கும் உண்மையான பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அக்கா என் கட்டைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ கொண்டுவரச் சொன்னார். எப்படி உடைந்தது என்று கேட்கவில்லை.